இனிப்பே நோயும் இனிப்பே மருந்தும்

பருமன் குறைக்குஞ் சத்திரசிகிச்சையின் பின் வருஞ் சீனிக் குறைவு

குருதியிற் சீனி கூடுவதனால் வரும் வருத்தத்தை அறியாத குடும்பம் இன்று எம்மவரிடையே இல்லையென்றே கூறலாம். சலரோகம் என்றும், சீனி வருத்தம் என்றும், நீரிழிவு என்றும் பல பெயர்களால் அதனை அழைக்கின்றோம். தேநீருக்குச் சீனியைக் குறைப்பதும், சோற்றை அளந்து உண்பதும், காலந்தோறும் குருதியைச் சோதிப்பதும் பல இல்லங்களில் வழக்கமாகிவிட்டன. ஆனால், குருதியிற் சீனி அளவுக்கு மேற் குறைவதும் ஒரு வருத்தமே என்பதனையும், அவ்வருத்தம் சிலருக்கு இனிப்பை உண்ட காரணத்தினாலேயே வருகின்றது என்பதனையும் அறிந்தோர் மிகச் சிலரே.

இனிப்பை உண்டாற் சீனி கூடும் என்பது சிறு பிள்ளையும் அறிந்த செய்தி. இனிப்பை உண்டதனாற் சீனி குறையும் என்றால் அது முரணாகத் தோன்றும். எனினும், உடற்பருமனைக் குறைப்பதற்காக இரைப்பையிற் சத்திரசிகிச்சை செய்துகொண்டோருட் சிலருக்கு நிகழ்வது இதுவே. உணவு உண்டு ஒன்று முதல் மூன்று மணித்தியாலங்களுக்குள் அவர்களுடைய குருதிச் சீனி திடீரெனச் சரிகின்றது. உடல் வியர்க்கின்றது, கை நடுங்குகின்றது, அறிவு தடுமாறுகின்றது. அவ்வேளையில் உயிர்காக்கும் மருந்தாக வந்து உதவுவதும் இனிப்பேயாம். நோயை வருவிப்பதும் இனிப்பு, உடனே தணிப்பதும் இனிப்பு என்னும் இவ்விடத்திலேதான் பல குடும்பங்கள் வழிதடுமாறுகின்றன. எப்பொழுது இனிப்பு தீங்கு, எப்பொழுது அது மருந்து என்பதனைப் பிரித்தறிவதே இந்நோயை ஆளும் வழி. அதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சத்திரசிகிச்சை செய்வது யாது?

மிகுந்த உடற்பருமன் அழகைப் பற்றிய கவலை மாத்திரமன்று. நீரிழிவு, உயர் குருதியமுக்கம், முழங்கால் தேய்வு, நித்திரையில் மூச்சடைப்பு முதலிய துன்பங்கள் அதனோடு உடன்வருவன. உணவைக் குறைத்தும் உடற்பயிற்சி செய்தும் பயன்காணாத பலருக்குச் சத்திரசிகிச்சை புதுவாழ்வு அளித்திருக்கின்றது. நீரிழிவுடையோர் பலருக்கு அதன்பின் குருதிச் சீனி சீர்ப்படுவதும் கண்கூடு. கொழும்பு வைத்தியசாலைகளிலும் இச்சிகிச்சை செய்யப்படுகின்றது; கடல்கடந்து வாழும் எம் உறவினருள்ளும் இதனைச் செய்துகொண்டோர் உளர். ஆகவே இச்சிகிச்சையைப் பழித்துரைப்பது எமது கருத்தன்று. அதன்பின் வாழும் முறையை அறிந்திருத்தல் வேண்டும் என்பதே நாம் கூறவருவது.

1966ஆம் ஆண்டில் அமெரிக்காவின் அயோவாப் பல்கலைக்கழகத்தில் எட்வேட் மேசன் என்னும் சத்திரவைத்தியர் பருமனுக்காக இரைப்பை மாற்றுவழிச் சத்திரசிகிச்சையை முதன்முதலாகச் செய்தார். புண் காரணமாக இரைப்பையின் ஒரு பகுதியை இழந்தோர் பின்னர் எளிதிற் பருப்பதில்லை என்பது அக்காலத்தில் அறியப்பட்டிருந்தது. அதுவே அவருக்கு வழிகாட்டியது. இன்று ‘பைபாஸ்’ என வழங்கும் முறையில், இரைப்பையின் மேற்பகுதி ஏறக்குறைய 30 மில்லிலீற்றர் கொள்ளும் ஒரு சிறு பையாகப் பிரிக்கப்படும். பின்னர்ச் சிறுகுடல் வெட்டப்பட்டு, அதன் கீழ்ப்பகுதி மேலே கொணர்ந்து அச்சிறு பையுடன் பொருத்தப்படும். உண்ட உணவு எஞ்சிய இரைப்பையையும் சிறுகுடலின் முதற்பகுதியையும் தொடாமல் நேரே குடலினுட் சென்றுவிடும். குடலை இவ்வாறு பொருத்தும் முறையை வகுத்தவர் சுவிற்சர்லாந்தின் லோசான் நகரிலே பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் வாழ்ந்த சேசர் ரூ என்னும் வைத்தியராவார்.

மற்றொரு முறையில் இரைப்பையின் பெரும்பகுதி வெட்டியகற்றப்பட்டு, எஞ்சியது ஒரு நீண்ட குழாய்போல் ஆக்கப்படும். அதன் பின்னும் சீனிக் குறைவு வரக்கூடும்; எனினும் மாற்றுவழி முறையின் பின்னரே அது பெரிதும் காணப்படுகின்றது.

மதகில்லாக் குளம்

இந்நோய் தோன்றும் வகையை அறிய விரும்புவோர், குறிப்பாக மாணவர்கள், ஒரு குளத்தை மனத்திற் கொள்க. மாரி மழை முழுவதையும் குளம் தன்னகத்தே தேக்கிக்கொள்கின்றது. மதகு அதனைச் சிறிது சிறிதாக வயலுக்கு விடுகின்றது. அதனாலன்றோ மழை நின்று பல நாட் சென்றும் பயிர் வாடாமல் நிற்கின்றது! எமது இரைப்பையும் அத்தகையதே. அதன் அடிவாயிலிலுள்ள தசைவளையம் மதகுபோல் நின்று, கூழாகிய உணவைச் சிறிது சிறிதாகக் குடலுக்கு அனுப்புகின்றது. மாற்றுவழி அமைத்தபின் குளமும் சிறுத்துவிட்டது. மதகும் வழியில் இல்லை. உண்ட மாப்பொருளும் சீனியும் வெள்ளம்போற் குடலிற் பாய்கின்றன. பாய்ந்த விரைவிலேயே குருதிக்கும் ஏறிவிடுகின்றன.

நலமுள்ள ஒருவருடைய உடலில் ஏறக்குறைய ஐந்து லீற்றர் குருதி உண்டு. அக்குருதி முழுவதிலும் கரைந்திருக்கும் குளுக்கோசோ ஐந்து கிராம் அளவினதே. ஒரு தேக்கரண்டிச் சீனிக்குச் சற்று மேல் எனலாம். இச்சிறு அளவை மிகாமலுங் குறையாமலும் காப்பதற்கு உடல் ஓயாது பாடுபடுகின்றது. கூடும்போது அதனைத் தசைகளுக்குள்ளும் ஈரலுக்குள்ளும் புகுத்துவது சதையியிற் சுரக்கும் இன்சுலின். கணையம் எனவும் சதையியைக் கூறுவர்.

இனி, உணவு குடலை அடைந்ததென்னும் செய்தியைச் சதையிக்கு அறிவிக்கும் தூதுவர்களும் உடலில் உளர். அவற்றுள் ஒன்று ஜீ.எல்.பி.-1 என்னும் ஓமோன். குடலின் கீழ்ப்பகுதியிலேயே இது மிகுதியாகச் சுரக்கின்றது. மாற்றுவழி அமைந்தபின் உணவு அப்பகுதியை விரைந்து அடைவதனால், இத்தூதுவர் வழக்கத்திலும் பன்மடங்காகப் புறப்பட்டுச் சென்று சதையியைத் தூண்டுகின்றனர். ஒருபுறம் திடீரென ஏறிய சீனி. மறுபுறம் மிகையாகத் தூண்டப்பட்ட சதையி. இரண்டுஞ் சேர்ந்து இன்சுலினை வேண்டிய அளவுக்கு மேற் பெருகச் செய்கின்றன. சீனி வெள்ளமோ சிறிது நேரத்தில் வடிந்துவிடும்; இன்சுலினின் வேலையோ அதன்பின்னும் தொடரும். எனவே முதல் ஒரு மணித்தியாலத்தில் உச்சத்தில் நின்ற சீனி, அடுத்த இரண்டு மணித்தியாலத்துள் பள்ளத்தில் வீழ்கின்றது. எவ்வளவு உயர ஏறிற்றோ அதற்கேற்பவே வீழ்ச்சியும் பெரும்பாலும் அமையும்.

இத்தகைய வீழ்ச்சி முற்றிலும் புதிய செய்தியன்று. 1922ஆம் ஆண்டிலே கனடாவின் ரொறன்ரோ நகரில் இன்சுலின் முதன்முதலாக நோயாளருக்கு ஏற்றப்பட்டது. அதன் அளவு மிகுந்தபோது நோயாளர் வியர்த்து நடுங்கி மயங்குவதை வைத்தியர்கள் கண்டனர். இன்சுலின் ஊசியை ஒருபோதும் ஏற்றாதோரிடத்தும் அதே குறிகள் தோன்றுவதை அமெரிக்காவின் அலபாமா மாநிலத்து வைத்தியர் சீல் ஹரிஸ் 1924ஆம் ஆண்டில் எடுத்துக்காட்டினார்; உடலே தன் இன்சுலினை மிகையாகச் சுரக்கக்கூடும் என்றார். மாற்றுவழிச் சத்திரசிகிச்சையின் பின் கடுமையான சீனிக் குறைவுக்கு ஆளான ஆறு நோயாளரைப் பற்றி அமெரிக்காவின் மேயோ வைத்திய நிலையத்தார் 2005ஆம் ஆண்டில் எழுதியதன் பின்னரே இந்நோய் உலக வைத்தியரின் கவனத்தைப் பெரிதும் ஈர்த்தது.

குறிகளை அறிதல்

சீனி குறையும்போது தோன்றும் குறிகள் இருவகைப்படும். முதல்வகை உடல் எழுப்பும் அபாய ஒலி: வியர்வை, கைநடுக்கம், நெஞ்சுப் படபடப்பு, தாங்கொணாப் பசி, காரணமற்ற அச்சம். இரண்டாம் வகை மூளை பட்டினி கிடப்பதனால் வருவது: பார்வை மங்கல், பேச்சுக் குழறல், சிந்தனைத் தடுமாற்றம், இயல்புக்கு மாறான நடத்தை, இறுதியில் வலிப்பு, மூர்ச்சை. உடலின் எடையில் நூற்றுக்கு இரண்டு பங்கேயான மூளை, உடல் செலவிடும் சக்தியில் ஏறக்குறைய ஐந்திலொன்றை எடுத்துக்கொள்கின்றது. அதற்கு முதன்மையான எரிபொருள் குளுக்கோசே. ஆதலால் குளுக்கோசு குறைந்தவுடன் முதலில் துன்புறுவது மூளையாகும்.

இங்கே ஒரு வேறுபாட்டை நன்கு மனங்கொள்ளல் வேண்டும். இச்சத்திரசிகிச்சை செய்தோருக்கு உண்டு பத்து நிமிடம் முதல் அரைமணித்தியாலத்துக்குள் வயிற்றுவலி, வயிற்றோட்டம், படபடப்பு, தலைச்சுற்று முதலியன வருவதுண்டு. செறிந்த உணவு குடலில் ஒருங்கே பாய்வதனால், குருதியிலுள்ள நீர் குடலை நோக்கி ஈர்க்கப்படுவதன் விளைவு அது. அவ்வேளையிற் குருதிச் சீனி குறைந்திருப்பதில்லை. நாம் கூறும் நோயோ ஒன்று முதல் மூன்று மணித்தியாலங் கழித்து வருவது. முன்னையது பெரும்பாலும் சிகிச்சை முடிந்த சில மாதங்களுக்குள்ளேயே தலைகாட்டும். பின்னையது பெரும்பாலும் ஓராண்டோ அதற்கு மேலோ சென்றபின் தோன்றும். அதற்குள் வைத்தியரிடம் செல்வது அரிதாகியிருக்கும், சத்திரசிகிச்சை பழங்கதையாகியிருக்கும். அதனாலேயே வந்த நோயைப் பழைய சிகிச்சையோடு இணைத்துப் பார்க்க எவருக்குந் தோன்றுவதில்லை.

குறிகளை மாத்திரம் நம்பி முடிவுசெய்தலும் தவறு. நியூயோர்க் நகரத்துச் சத்திரவைத்தியர் அலன் விப்பிள் வகுத்த மூன்று நிபந்தனைகள் இன்றும் வழக்கிலுள்ளன. குறிகள் இருத்தல் வேண்டும். அவ்வேளையில் அளந்து பார்த்தாற் சீனி குறைந்திருத்தல் வேண்டும். சீனியை உயர்த்தியவுடன் குறிகள் நீங்குதல் வேண்டும். 100 மில்லிலீற்றர் குருதியிற் குளுக்கோசு 70 மில்லிகிராமுக்குக் கீழ் இறங்கினால் அஃது எச்சரிக்கை; 54 மில்லிகிராமுக்குக் கீழ் இறங்கினால் அஃது அபாயம். லீற்றருக்கு மில்லிமோல் என்னும் கணக்கில் இவை முறையே 3.9, 3.0 ஆகும். நீரிழிவுடையோர் வீட்டில் வைத்திருக்கும் குளுக்கோமீற்றரே இதற்கும் போதும்.

சுழலாகிய இனிப்பு

அறியாமையால் விளையும் துன்பத்தை ஓர் உதாரணத்தால் விளக்குவாம். மூன்றாண்டுகளுக்கு முன் இச்சிகிச்சை செய்துகொண்ட ஓர் இல்லத்தரசியை எண்ணிப் பாருங்கள். காலை எட்டு மணிக்கு இரண்டு துண்டு பாணும், ஒரு வாழைப்பழமும், சீனியிட்ட பால்தேநீரும் உண்டு வேலைக்குச் செல்கின்றார். பத்து மணியளவிற் கை நடுங்குகின்றது, எழுத்துக்கள் மங்குகின்றன. அருகிலிருந்த தோழி இரக்கங்கொண்டு இனிப்புத் தேநீரும் பிஸ்கற்றும் கொடுக்கின்றார். பத்து நிமிடத்துள் உலகம் மீண்டும் தெளிகின்றது. ‘சீனி குறைந்தது, சீனி கொடுத்தோம், சரியாயிற்று’ என இருவரும் அமைதியடைகின்றனர்.

ஆனால் அத்தேநீரும் பிஸ்கற்றும் முன்போலவே வெள்ளமாகப் பாய்ந்து, இன்சுலினை முன்போலவே பெருக்கிவிட்டன. மதியம் மீண்டும் வீழ்ச்சி; மீண்டும் இனிப்பு. மாலையில் மூன்றாம் முறை. வீடு திரும்பும்போது அவருக்குப் பேசவும் ஆற்றலில்லை. பிள்ளைகள் மேற் சீறி விழுகின்றார். பின்னர்த் தாம் சீறியதே நினைவில்லாமல் இருக்கின்றார். ஒருவர் நரம்புத் தளர்ச்சி என்கின்றார். ஒருவர் மனக்கோளாறு என்கின்றார். மற்றொருவர் கண்ணூறு என்று மிளகாய் சுற்றிப் போடுகின்றார். இவ்வாறு ஓயாது இனிப்பை உண்டதனால், அரும்பாடுபட்டுக் குறைத்த எடையும் மெல்ல ஏறத் தொடங்குகின்றது. கணவரோ, ‘இவ்வளவு செலவழித்துச் சிகிச்சை செய்தும் வாயை அடக்க மாட்டீரோ’ என்று கடிந்துகொள்கின்றார்.

இவர்களுள் எவரும் தீயவரல்லர். தோழி செய்தது உதவியே. அவ்வேளைக்கு அது வேண்டியதும் ஆகும். ஆயின் வீழ்ந்தவரைத் தூக்கியபின், மீண்டும் வீழாதிருக்க வழிசெய்யவில்லை. இச்சுழலை அறுக்கும் இடம் காலை எட்டு மணியின் உணவுத் தட்டேயன்றிப் பத்து மணியின் தேநீர்க் கோப்பையன்று.

உணவே முதல் மருந்து

திருவள்ளுவர் ‘மருந்து’ என்னும் அதிகாரத்தின் பெரும்பகுதியை உணவின் அளவுக்கே ஒதுக்கியிருப்பதைத் தமிழ் மாணவர் அறிவர். இந்நோயாளருக்கு அஃது எழுத்துக்கு எழுத்துப் பொருந்தும். குளமும் மதகும் இல்லாதபோது, உண்பவரே குளமாகவும் மதகாகவும் இருந்து உணவை அளந்து விடுதல் வேண்டும்.

முதலாவது, மூன்று பெரிய வேளைகளை விடுத்து, மூன்று அல்லது நான்கு மணித்தியாலங்களுக்கு ஒருமுறை சிறிது சிறிதாக உண்ணவேண்டும். பசியால் வாடி, பின்னர் ஒரே முறையிற் பெருக உண்பது பெருந்தீங்கு.

இரண்டாவது, ஒவ்வொரு வேளையிலும் புரதம் இருத்தல் வேண்டும். அதனையே முதலில் உண்ணல் நன்று. முட்டை, மீன், கோழி, தயிர், சோயா, பயறு, கடலை, கச்சான் என்பன எமது சமையலறைக்கு அயலானவையல்ல. புரதமும் கொழுப்பும் நார்ப்பொருளும் உடன்சென்றால் மாப்பொருள் குருதியில் ஏறுவது தாமதமாகும். சைவ உணவினர் பருப்பு, பயறு, கடலை ஆகியவற்றிற் புரதத்தோடு மாப்பொருளும் உண்டென்பதை நினைவிற்கொண்டு, அதனையுங் கணக்கிற் சேர்த்தல் வேண்டும்.

மூன்றாவது, மாப்பொருளின் அளவு. ஒரு வேளை உணவில் ஏறக்குறைய 30 கிராமுக்கு மேற்படாமலும், இடையில் உண்ணும் சிற்றுணவில் 15 கிராமுக்கு மேற்படாமலும் இருக்குமாறு உணவியல் நிபுணர் பலர் கூறுவர். சமைத்த சோறு முக்காற் கோப்பைக்குச் சற்றுக் குறைவாக இருந்தால் அது 30 கிராம் எனலாம். ஒரு துண்டுப் பாண் 15 கிராம். முன்கூறிய இல்லத்தரசியின் காலை உணவில் பாணிலேயே 30 கிராம் நிறைந்துவிட்டது. பழமும் சீனியும் அதற்கு மேல். அவர் ஒரு துண்டுப் பாணை ஒரு முட்டையோடும், சிறிது பருப்போடும், கீரையோடும் உண்டு, சீனியில்லாத் தேநீரைச் சிறிது நேரங்கழித்துக் குடித்திருந்தாற் பத்து மணி வேறுவிதமாக இருந்திருக்கும்.

நான்காவது, உணவின் வடிவம். ஒரே தானியம் வடிவத்துக்கேற்ப வேறுவேறாக நடக்கும். கஞ்சியாகவும் கூழாகவும் கரைந்த மா, தடையின்றி ஓடிப் பாயும். அவித்த முழுப்பயறும் கொண்டைக்கடலையும் மெல்லக் கரையும். ‘குரக்கன் நல்லது’ என்பது எம்மவர் வாய்மொழி. ஆனால் பனங்கட்டி சேர்த்த குரக்கன் கூழ் இந்நோயாளருக்கு நல்லதன்று. பனங்கட்டி, தேன், கித்துட் பாணி ஆகியன சீனியிலும் மேலானவை என்று எண்ணுவோர் பலர். இந்நோயைப் பொறுத்தவரையில் அவையெல்லாம் சீனியே.

ஐந்தாவது, பானங்கள். சோடா, இனிப்பிட்ட பழரசம், பாயசம், சீனித் தேநீர் என்பன யாவற்றினும் விரைந்து தாக்குவன. உணவோடு சேர்த்து நீர் அருந்துவதையும் தவிர்த்து, உண்டு அரைமணித்தியாலஞ் சென்றபின் அருந்துதல் நன்று. மதுவோ ஈரல் குளுக்கோசை உண்டாக்கும் வேலையைத் தடுப்பதனால், வீழ்ச்சியை ஆழமாக்கும்; அதனை அறவே விலக்குக.

ஆறாவது, மென்று உண்ணல். ஆறுதலாக, இருபது நிமிடத்துக்குக் குறையாமல் இருந்து உண்ணவேண்டும்.

இவையெல்லாம் பொதுவிதிகள். ஒருவருக்கு ஒத்தது மற்றொருவருக்கு ஒவ்வாமற் போகலாம். எனவே ஒரு கொப்பியை எடுத்து, உண்ட நேரம், உண்ட பொருள், குறி தோன்றிய நேரம், அப்பொழுது அளந்த சீனி ஆகிய நான்கையும் இரண்டு வாரத்துக்கு எழுதிவைத்தல் வேண்டும். எவ்வுணவு வீழ்த்துகின்றது என்பதனை அக்கொப்பியே காட்டிக்கொடுக்கும். வைத்தியரிடம் செல்லும்போதும் அதுவே சிறந்த சாட்சி.

விரதங்களைப் பற்றியும் ஒரு சொல். இந்நோயில் உண்ணாதிருக்கும் வேளையிற் சீனி பெரும்பாலும் இயல்பாகவே இருக்கும். ஆபத்து விரதத்தை முடிக்கும் உணவிலேயே உள்ளது. நாள் முழுதும் நோன்பிருந்து பாயசத்தோடோ பழரசத்தோடோ அதனை முடிப்பவர், எச்சமயத்தவராயினும், அடுத்த இரண்டு மணித்தியாலத்தில் வீழ்ச்சியை எதிர்பார்த்தல் வேண்டும். விரதமிருக்க விரும்புவோர் முன்னரே வைத்தியரிடம் கேட்டறிதல் நன்று. இதற்கு மாறாக, உண்ணாதிருக்கும்போதோ விடியற்காலையிலோ சீனி குறையுமாயின், அது வேறு நோயாக இருக்கலாம். தாமதியாது வைத்தியரை நாடுக.

வீழ்ச்சி வந்தபோது

எவ்வளவு கவனமாயிருப்பினும் சில வேளைகளில் வீழ்ச்சி வரக்கூடும். அப்பொழுது இனிப்பே மருந்து. ஆனால் மருந்துக்கு அளவுண்டு. நோயாளர் உணர்வோடிருந்து விழுங்கக் கூடியவராயின், 15 கிராம் அளவான குளுக்கோசு அல்லது சீனியைக் கொடுத்தல் வேண்டும். நீரிற் கரைத்த நான்கு மட்டமான தேக்கரண்டிச் சீனியோ, அரைக் கோப்பைத் தோடம்பழச் சாறோ இதற்குப் போதும். பதினைந்து நிமிடங் காத்திருந்து மீண்டும் அளந்து பார்க்கவேண்டும். இன்னும் 70க்குக் கீழாயின் அதே அளவை மறுமுறை கொடுக்கலாம். அச்சத்தினால் ஒரு போத்தற் சோடாவை முழுவதும் பருக்குவது அடுத்த வீழ்ச்சிக்கு வித்திடுவதாகும்.

சீனி ஏறியதும் வேலை முடிந்தது என்று எண்ணலாகாது. உடனே ஓர் அவித்த முட்டையோ, ஒரு கைப்பிடி கச்சானோ, சிறிது தயிரோ உண்ணவேண்டும். மீண்டும் சரியாமல் நிறுத்தும் அணை அதுவே. முன்னர் நாம் கூறிய சுழல் அறுபடுவதும் இவ்விடத்திலேயாம்.

நோயாளர் மயங்கிவிட்டாலோ வலிப்பு வந்தாலோ வாயில் ஒன்றும் ஊற்றலாகாது. மூச்சுக்குழலிற் புகுந்து உயிருக்கே தீங்காகும். ஒருபக்கமாகச் சரித்துக் கிடத்தி, உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லல் வேண்டும். எமது நாட்டில் 1990 என்னும் இலக்கத்தை அழைத்தால் இலவச அம்புலன்ஸ் வரும். வைத்தியர் குளுக்கககன் ஊசி எழுதிக் கொடுத்திருந்தால், அதனை ஏற்றும் முறையை வீட்டார் முன்னரே பழகியிருத்தல் வேண்டும்.

வாகனம் ஓட்டுவோர் மிகுந்த கவனமாயிருத்தல் வேண்டும். குறி தோன்றியதும் வாகனத்தை ஓரமாக நிறுத்துக. சீனி ஏறி அறிவு தெளியும்வரை ஓட்டாதீர். அடிக்கடி வீழ்ச்சிக்கு ஆளாவோருக்கு நாளடைவில் நடுக்கமும் வியர்வையும் தோன்றாமலே போவதுண்டு. எச்சரிக்கையின்றியே அறிவு தடுமாறும். ஆதலால் ‘எனக்குப் பழகிவிட்டது’ என்று கூறுவது நலத்தின் அடையாளமன்று, ஆபத்தின் அடையாளம்.

வைத்தியர் கையிலுள்ளவை

உணவொழுங்கினாற் பெரும்பாலோர் நலம் பெறுகின்றனர். அதனால் அடங்காதபோது மருந்துகள் உள. அகாபோஸ் என்னும் குளிசை, மாப்பொருளும் சீனியும் குடலில் உடைந்து குளுக்கோசாவதைத் தாமதப்படுத்துவது. இதனை உண்போர் ஒன்றை மறவாதிருத்தல் வேண்டும்: வீட்டுச் சீனியும் குடலில் உடைந்த பின்னரே பயன்தருவதாதலால், வீழ்ச்சி வந்தபோது அது விரைந்து உதவாது. அவர்கள் குளுக்கோசையே கையில் வைத்திருத்தல் வேண்டும். இன்சுலின் சுரப்பை அடக்கும் டயசொக்சைட், ஒக்ட்ரியோடைட் ஆகிய மருந்துகளும் சிலருக்குக் கொடுக்கப்படுகின்றன.

மாணவர் வியக்கத்தக்க ஒரு செய்தியும் இங்குண்டு. அமெரிக்கப் பாலைநிலங்களில் வாழும் கீலா மொன்ஸ்ரர் என்னும் நச்சுப் பல்லியின் நஞ்சில் ஜீ.எல்.பி.-1ஐ ஒத்த ஒரு பொருளை ஜோன் எங் என்னும் அமெரிக்க வைத்தியர் கண்டு, 1992ஆம் ஆண்டில் வெளியிட்டார். எக்செண்டின் எனப்பட்ட அது, 2005ஆம் ஆண்டிலே நீரிழிவுக்கு மருந்தாயிற்று. அதே பொருளின் தொடக்கப் பகுதியை நீக்கிவிட்டால், எஞ்சியது ஜீ.எல்.பி.-1இன் வேலையைத் தூண்டாமல் தடுக்கின்றது. இன்சுலின் மிகையைத் தணிக்க அதனைப் பயன்படுத்தும் ஆய்வுகள் சத்திரசிகிச்சை செய்தோரிடத்து நடைபெற்றுள்ளன. முழுப்பொருள் சீனி கூடிய நோய்க்கும், குறைத்த பொருள் சீனி குறைந்த நோய்க்கும் உதவுவது இயற்கையின் விந்தையன்றோ!

முன்னர்ச் சிலருக்குச் சதையியின் ஒரு பகுதியையே வெட்டியகற்றினர். பலருக்கு நோய் மீண்டும் வந்தமையால், இன்று அம்முறையை வைத்தியர் பெரும்பாலும் விரும்புவதில்லை.

இன்னுமொன்று. நீரிழிவைக் கண்டறிவதற்காகக் குளுக்கோசு நீரைக் குடிக்கக் கொடுத்துச் சோதிக்கும் முறை உண்டு. கர்ப்பிணிகளுக்கும் அது செய்யப்படும். மாற்றுவழிச் சத்திரசிகிச்சை செய்தோருக்கு அந்நீரே கடும் வீழ்ச்சியை உண்டாக்கலாம். ஆகவே எவ்வைத்தியரிடம் சென்றாலும், எத்தனை ஆண்டு கடந்திருப்பினும், தாம் அச்சத்திரசிகிச்சை செய்துகொண்டதை முதலிற் கூறிவிடல் வேண்டும். வெட்கங் காரணமாக அதனை மறைப்போர் உளர். அவ்வெட்கம் அவர்களுக்குப் பெருந்தீங்கு செய்யும்.

இல்லத்தார் கடமை

விருந்தோம்பல் எமது மரபு. ‘இன்னுங் கொஞ்சம் போடட்டோ’ என்று கேளாமல் விருந்தினரை எழவிடுவது எமக்குக் குறை. ஆனால் இந்நோயாளருக்கு மேலும் ஓர் அகப்பைச் சோறும், வற்புறுத்திக் கொடுக்கும் ஒரு கோப்பைப் பாயசமும் இரண்டு மணித்தியாலங் கழித்து வரும் துன்பத்தின் தொடக்கமாகும். அவர் மறுத்தால் அதனை அலட்சியமாகக் கொள்ளாதீர். ஒரு முட்டையையோ, ஒரு கிண்ணம் அவித்த கடலையையோ முன்வைத்தால் அதுவே அவருக்குச் செய்யும் சிறந்த விருந்து.

வியர்வையோடு தடுமாறிப் பேசுபவரைக் குடிகாரர் என்றோ, காரணமின்றிச் சினப்பவரைப் பொல்லாதவர் என்றோ தீர்ப்பளிப்பதற்கு முன், அவர் கடைசியாக உண்டது எப்பொழுது, எதனை உண்டார் என்று கேளுங்கள். பின்னர் ஒரு துளி குருதியை அளந்து பாருங்கள். வீட்டிலுள்ள ஒவ்வொருவரும், பத்து வயதுப் பிள்ளையும் உட்பட, மூன்று செய்திகளை அறிந்திருத்தல் வேண்டும்: குறி எவை, குளுக்கோசு எங்கே வைக்கப்பட்டுள்ளது, மயங்கினால் யாரை அழைப்பது. இம்மூன்றையும் ஒரு தாளில் எழுதிச் சமையலறைச் சுவரில் ஒட்டிவைப்பதற்கு ஐந்து நிமிடமே செல்லும். உங்கள் உறவினருள் இச்சத்திரசிகிச்சை செய்துகொண்டவர் எவரேனும் இருப்பின், அவர் இல்லத்தில் அத்தாள் இன்றே எழுதப்படல் வேண்டுமென்று வேண்டிக்கொள்கின்றோம்.